தோழியர் பிணங்குவது ஏன்?

தோழியர் இல்லாத பள்ளி வாழ்வு உப்பில்லாத உணவு போன்றது. ஆயினும், உயிருக்குயிரான தோழியரே ஒருவரோடொருவர் பேசாதிருக்கும் நாள்களையும் நாம் காண்கிறோம். அயலாரிடம் வராத கோபம் தோழியிடம் மட்டும் வருவது ஏன்? இதற்கு இக்கால நாவல் ஒன்று நல்ல விடை தருகிறது.

இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெரான்டே 2011 முதல் 2014 வரை நான்கு பாகங்களாக வெளியிட்ட கதை அது. முதல் பாகத்தின் ஆங்கிலப் பெயர் ‘மை பிரில்லியன்ட் ஃப்ரெண்ட்’. 1950-களில் நேப்பிள்ஸ் நகரின் ஏழைக் குடியிருப்பில் வளரும் எலெனா, லீலா என்னும் இரு சிறுமியரின் நட்பை அது கூறுகிறது.

லீலா செருப்புத் தைப்பவரின் மகள். வகுப்பில் அவளே முதல்வி. ஆரம்பப் பள்ளிக்குப் பின் மேலே படிக்க வைப்பதா என்ற பேச்சு இரு வீடுகளிலும் எழுகிறது. அந்நாள்களில் ஒரு நாள், கடலைப் பார்த்து வரலாமென்று லீலா எலெனாவைப் பள்ளிக்குப் போகவிடாமல் அழைத்துச் செல்கிறாள். பாதி வழியில் தானே திரும்பிவிடுகிறாள். வீட்டில் அடி வாங்கியவள் எலெனா. தன் படிப்பு நிற்கட்டும் என்றே லீலா அழைத்தாளோ என அவள் ஐயுறுகிறாள்.

முடிவில் எலெனா படிக்கப் போகிறாள். லீலாவுக்கோ அனுமதி இல்லை. வாதாடிய மகளைத் தந்தை சன்னல் வழியே எறிகிறார். அவள் கை முறிகிறது.

ஆயினும் அதே லீலா, நூலகப் புத்தகத்தைக் கொண்டு தானே இலத்தீன் கற்று, எலெனாவுக்கும் உதவுகிறாள். பதினாறு வயதில் மணமாகும் நாளன்று, படிப்பை விடாதே, பணம் நான் தருகிறேன் என்கிறாள்.

இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. ஒன்று, நாம் நம்மை ஒப்பிட்டுப் பார்ப்பது அருகில் இருப்பவரோடுதான். ஆகவே பொறாமையும் அங்கேதான் பிறக்கிறது. மற்றொன்று, பிணக்கின் வேர் எப்போதும் உள்ளத்தில் இருப்பதில்லை. ஒருத்திக்குத் திறந்த கதவு மற்றவளுக்கு மூடப்படும்போது அன்பும் கசக்கிறது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம்முள் சிலர் மேலே படிப்பர். சிலர் வீட்டு நிலையால் நின்றுவிடவும் கூடும். அப்போது முகம் திருப்பும் தோழியைக் குறை கூறுமுன், அவள் எதை இழந்தாள் என்று கேட்போம். பெற்றோரும் அக்கதவை மூடாதிருப்பாராக!