மூன்றரை மணிக்கே மறையும் சூரியன்

முதுகுளத்தூர் வெயிலுக்கு ஒதுங்கி, வீட்டுக்குள் உட்கார்ந்து ‘தி பிரிட்ஜ்’ பார்க்கிறவர் கண்ணில் கொலைக்கு முன்பே வெளிச்சம்தான் படும். 2011-இல் வந்த ஸ்வீடன் - டென்மார்க் கூட்டுத் தொடர் அது. பாம்பன் ரயில் பாலத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு நீளமுள்ள ஓரெசுண்ட் பாலத்தின் நடுவில், சரியாக இரு நாட்டு எல்லைக்கோட்டின் மேல் பிணம் கிடக்கிறது. கடல், சாலை, ஆட்களின் முகம் எல்லாமே நீலம் பூத்த சாம்பல் நிறம். நிறத்தைக் கணினியில் திருத்தியும் இருப்பார்கள். ஆனால் முதல் போட்டது சூரியன்.

பாலத்தின் ஸ்வீடன் கரையிலுள்ள மால்மோ 55.6 டிகிரி வடக்கில் இருக்கிறது, முதுகுளத்தூர் 9.3 டிகிரியில். மார்கழி முதல் வாரத்தில், டிசம்பர் 21 உச்சிவேளையில், ஐந்தரை அடி ஆளுக்கு இங்கே நிழல் மூன்றரை அடி. அங்கே 28 அடி! நடுப்பகலிலேயே சூரியன் தொடுவானத்துக்கு மேல் 11 டிகிரிதான் ஏறுகிறது. மூன்றரை மணி சுமாருக்கு மறைந்தும்விடுகிறது. அவ்வளவு சாய்ந்து விழும் ஒளி நிலத்தில் அகலமாகப் பரவி நீர்த்துப்போகும். நம் முண்டு மிளகாயை அந்த வெயிலில் பரப்பினால் வற்றலாகாது, பூசணம்தான் பிடிக்கும்.

தொடரில் பூத்திருக்கும் அந்த நீலத்தின் கதை இன்னும் விசித்திரம். பகல் வானம் நீலமாக இருப்பது காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால். சூரியன் மறைந்த பின் இந்தக் கணக்கு உதைக்கிறது: சிதறல் மட்டும் என்றால் உச்சிவானம் மஞ்சளடித்திருக்க வேண்டும். 1953-இல் எட்வர்ட் ஹல்பர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் விடையைக் கணக்கிட்டுக் காட்டினார். ஓசோன்! சாய்ந்த ஒளி ஓசோன் படலத்துக்குள் நெடுந்தூரம் போகும்போது ஆரஞ்சும் சிவப்பும் உறிஞ்சப்பட்டு நீலம் மிஞ்சுகிறது. புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்காக மட்டுமே நாம் பாடத்தில் படித்த அதே ஓசோன்.

இங்கும் அந்த நீலம் வரும். ஆனால் நம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், விளக்கில்லாமல் ஆள் தெரியும் அந்தி இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நீடிக்கும். மால்மோவில் சூரியன் சறுக்கிக்கொண்டே இறங்குகிறது. டிசம்பரில் அந்தி முக்கால் மணி நேரம். படப்பிடிப்புக் குழுவுக்கு அது எவ்வளவு பெரிய சலுகை!

அதே சாய்வு கோடையில் தலைகீழாகிறது. ‘தி பிரிட்ஜ்’ உருவாக்கத்தில் கைகொடுத்த மான்ஸ் மார்லிண்டும் பியோர்ன் ஸ்டெயினும் 2016-இல் எடுத்த ‘மிட்நைட் சன்’ தொடர், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே உள்ள கிருனாவில் நடக்கிறது. மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. கொலைகாரன் ஒளிய இருட்டே கிடையாது.