கண்ணாடி போட்டும் போடாமலும்: முப்பரிமாணத் தொலைக்காட்சி எப்படி இயங்குகிறது?

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் தையல் வேலை செய்பவர்கள் இதை உடனே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் முனை ஊசியின் காதுக்கு முன்னாலோ பின்னாலோ தப்பிப்போகும். நம் கண்கள் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், ஒரே பொருளை ஒவ்வொன்றும் சற்று வேறு கோணத்தில் பார்க்கிறது. அந்த வேறுபாட்டிலிருந்துதான் மூளை தூரத்தைக் கணிக்கிறது. இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் இரண்டு ஓவியங்களையும் இரண்டு நிலைக்கண்ணாடிகளையும் வைத்து இதை நிரூபித்தார்.

அன்று முதல் எல்லா முப்பரிமாணக் கருவிகளும் தீர்க்கப் பார்ப்பது ஒரே சிக்கலைத்தான். இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு இன்னொரு படம். இரண்டும் கலக்கக் கூடாது.

இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984-இல் மலையாளத்தில் வந்தது. அதில் இடது, வலது கண்களுக்கான இரண்டு படங்களின் ஒளியும் வெவ்வேறு திசையில் அதிரும்படி திரையில் விழ, பார்ப்பவர் அணிந்த கண்ணாடியின் ஒவ்வொரு வில்லையும் தனக்குரிய ஒளியை மட்டும் உள்ளே விட்டது. இதற்குச் சாதாரண வெள்ளைத் திரை உதவாது. அது ஒளியின் அதிர்வுத் திசையைக் குலைத்துவிடும். வெள்ளிப் பூச்சுத் திரைதான் வேண்டும்.

2010 வாக்கில் முப்பரிமாண ஆசை வீட்டு வரவேற்பறைக்கு வந்தது. சாம்சங், சோனி, பானசோனிக் ஆகியவை திரையில் இடது, வலது படங்களை மாற்றி மாற்றி, நொடிக்கு 120 வரை காட்டின. பேட்டரியில் ஓடும் கண்ணாடி அதே தாளத்தில் ஒரு கண்ணைத் திறந்து மறு கண்ணை மறைத்தது. படம் துல்லியமாக இருக்கும், ஆனால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். கண்ணாடியின் விலையும் அதிகம். எல்ஜி வேறு வழியில் போனது. திரையின் மேல் மெல்லிய படலம் ஒட்டி, ஒரு வரி இடது கண்ணுக்கு, அடுத்த வரி வலது கண்ணுக்கு என்று பிரித்தது. அதனால் 1080 வரிகளில் ஒவ்வொரு கண்ணுக்கும் 540 மட்டுமே கிடைத்தது. ஆனால் கண்ணாடி லேசானது, மலிவானது, சார்ஜ் ஏற்ற வேண்டாதது. குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு இதுவே ஏற்றதாக இருந்தது என்பேன்.

கண்ணாடியே வேண்டாம் என்றால், பிரிக்கும் வேலையைத் திரையே செய்ய வேண்டும். திரைக்கு முன் மயிரிழைபோன்ற செங்குத்துத் தடுப்புகளையோ நுண்ணிய உருளை வில்லைகளையோ பதித்தால், சில புள்ளிகள் இடது கண்ணுக்கும் மற்றவை வலது கண்ணுக்கும் போய்ச் சேரும். 2011-இல் வந்த நிண்டெண்டோ 3டிஎஸ் விளையாட்டுக் கருவி தடுப்பு முறையில் இயங்கியது. கையில் பிடித்து ஒருவரே பார்ப்பதற்கு அது போதும். கூடத்தில் ஐந்து பேர் ஐந்து இடத்தில் இருந்தால் என்ன செய்வது? தலையைச் சற்று நகர்த்தினாலே இடமும் வலமும் மாறிப் படம் குழம்பும். தோஷிபா 2010 இறுதியில் ஜப்பானில் விற்ற கண்ணாடியில்லாத் தொலைக்காட்சி, இதற்காக ஒன்பது கோணப் படங்களை ஒரே நேரத்தில் அனுப்பியது. திரைப் புள்ளிகளை ஒன்பது பங்கு போட்டதால் தெளிவு அடிபட்டது.

கண்ணாடி உள்ளது, இல்லாதது என இரண்டு வகையிலும் ஒரு தொல்லை தீரவில்லை. பறவை திரையை விட்டு வெளியே வருவதுபோல் தெரியும்போது கண்விழிகள் அதை நோக்கிக் குவிகின்றன. கண் வில்லையோ திரையின் தூரத்திலேயே நிலைத்திருக்க வேண்டும். அந்த முரணால்தான் பலருக்குத் தலைவலியும் கண்சோர்வும் வந்தன. நிகழ்ச்சிகளும் குறைவு. அமெரிக்காவின் ஈஎஸ்பிஎன் 2013-இல் தன் முப்பரிமாண அலைவரிசையை நிறுத்தியது. 2017-இல் எல்ஜியும் சோனியும் முப்பரிமாணத் தொலைக்காட்சியைக் கைவிட்டன.

எவ்வளவு நல்ல கருவியானாலும் முப்பரிமாணம் தெரியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மாறுகண்ணோ, ஒரு கண்ணின் பார்வையை மூளை ஒதுக்கிவிடும் சோம்பல் கண்ணோ இருந்தால் இரண்டு படமும் ஒன்று சேராது. கண் மருத்துவர்களும் முப்பரிமாணக் கண்ணாடியைக் குழந்தைக்கு அணிவித்து, படத்தில் எழும்பித் தெரியும் ஈயின் சிறகைக் கிள்ளச் சொல்லிச் சோதிக்கிறார்கள். முப்பரிமாணப் படம் பார்த்துவிட்டு 'எனக்கு எதுவும் முன்னால வரல' என்று பிள்ளை சொன்னால் கண்ணாடியைக் குறை சொல்லி விட்டுவிடாதீர்கள். சோம்பல் கண்ணுக்கான சிகிச்சை ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். உடனே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.