உயரத்தைக் கேட்டால் காற்றைக் கூறும் வகுப்பு

திருப்பதிக்கு அருகேயுள்ள காதங்கியில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் ராடார் 53 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்குகிறது. 32 வரிசைகளில், வரிசைக்கு 32 வீதம் 1024 யாகி ஏரியல்கள் அதற்கு உண்டு. ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் செல்லும்; போய்த் திரும்பவேண்டியிருப்பதால், அவ்வளவு குறுகிய துடிப்பைக் கொண்டு 150 மீட்டருக்கு ஒன்றாகக் காற்றின் வேகத்தைப் பிரித்தறியலாம்.

இவ்வளவுகள் கணிப்பொறியில் 0, 1, 2 என வரிசை எண் பெற்றுக் கிடக்கின்றன. முதல் அளவு 3,600 மீட்டருக்குரியது எனக் கொள்வோம். 9,000 மீட்டரில் வீசும் காற்று 36ஆம் எண்ணில் இருக்கும். நிரல் எழுதுவோர் இந்த 36ஐயே பல இடங்களில் எழுதிவைப்பது வழக்கம். தீங்கு இங்கேதான் தொடங்குகிறது. பிறிதொரு நாள் இடைவெளியை 300 மீட்டராக மாற்றினால், அதே 36ஆம் எண் 14,400 மீட்டரைக் குறிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அவ்வுயரத்தில் கடுங்கீழைக்காற்று ஓடுகிறது. நிரலோ அதனை 9,000 மீட்டர்க் காற்று என்று பதிவு செய்யும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது.

இதனைத் தவிர்க்க உதவுவது 'இண்டெக்சர்' என்னும் அமைப்பு. அளவுகளையும், தொடக்க உயரத்தையும், இடைவெளியையும் ஒரே வகுப்பினுள் அடக்கிவிடுகிறோம். (வகுப்பு என்பது இங்கே மாணவர் அமரும் வகுப்பன்று, பொருள்களை வார்க்கும் அச்சு.) வெளியிலிருப்போர் காற்று[9000] என்று எழுதினால் போதும், உயரத்திலிருந்து தொடக்கத்தைக் கழித்து இடைவெளியால் வகுக்கும் வேலையை வகுப்பே செய்துகொள்ளும். இடைவெளி மாறினாலும் கேட்கும் முறை மாறுவதில்லை.

சி ஷார்ப் மொழியில் இவ்வமைப்புக்குத் தனிப்பெயர் இல்லை. 'திஸ்' என்னும் சொல்லையும் சதுர அடைப்பையும் கொண்டு எழுதுவர். சதுர அடைப்பினுள் எண் மட்டுமேயன்றி, சொல்லும் வரலாம்; உயரம், நேரம் என இரண்டும் சேர்ந்தும் வரலாம். இதற்கு 'கெட்', 'செட்' என இரு பகுதிகள் உண்டு. நோக்கீட்டு அளவுகளுக்குச் 'செட்' பகுதியை விட்டுவிடுவதே நன்று. அப்பொழுது வெளியிலிருந்து எவரும் அளவைத் திருத்த இயலாது.

காற்று[2000] என்று ஒருவர் கேட்டால்? அங்கே அளவே எடுக்கப்படவில்லை. சிலர் சுழியைத் திருப்பியனுப்புமாறு எழுதிவிடுகின்றனர். அது பெருந்தவறு, சுழி என்றால் காற்று அசையவில்லை என்றல்லவா பொருள்படும்! கோரிக்கையை மறுத்துப் பிழை எழுப்புவதே முறை.