ஜெல்லி மீன் கணக்கு: கரையோரக் கடலைக் கவனிக்குமா மத்திய அரசு?

புது தில்லி: புணே நகரின் ஔந்த் பகுதிக்கு அருகே, பாஷாணில் இயங்குகிறது இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம். கடலைக் காண மலைத்தொடரைக் கடக்க வேண்டிய அந்த ஊரிலிருந்துதான் 2016-இல் கடல் குறித்த முக்கிய எச்சரிக்கை ஒன்று வெளியானது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் நுண் மிதவைத் தாவரங்கள் 60 ஆண்டுகளில் 20 சதவீதம் வரை குறைந்துள்ளன. மேற்பரப்பு வெப்பமடைவதால் ஆழத்திலுள்ள சத்துகள் மேலெழுவது தடைபடுகிறது என்பதே அது.

உணவுச் சங்கிலியின் அடித்தளம் மாறும்போது, மீன்களோடு இரைக்குப் போட்டியிடும் ஜெல்லி மீன்கள் எப்போது, எந்த ஆழத்தில் பெருகும் என்ற கேள்வி எழுகிறது. மீனவர்கள் சொறி என்றழைக்கும் இவை வலையில் நிறைந்தால் மீன்பாடு கெடுகிறது. வலையை இழுப்பவரின் கைகள் அரித்துத் தடிக்கின்றன.

பாதிப்பு மீனவர்களோடு நிற்பதில்லை. கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரு அலகுகளும் 1984, 1986 ஆண்டுகளில் வணிக உற்பத்தியைத் தொடங்கின. குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் அந்நிலையத்துக்குள் ஜெல்லி மீன்கள் கூட்டமாகப் புகுவது இடையூறாக இருப்பதை 2000-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை விளக்கியது. வடிகட்டும் சல்லடைகள் அடைபட்டால் நீர்வரத்து குறையும். மின் உற்பத்தியைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடும்.

இது உலகெங்கும் உள்ள சிக்கல். ஸ்வீடனின் ஆஸ்கர்ஷாம் நிலையத்தில் 2013-இலும், பிரான்ஸின் கிரேவ்லின் நிலையத்தில் 2025 ஆகஸ்டிலும் ஜெல்லி மீன்களால் உலைகள் நின்றன. கிரேவ்லினில் மட்டும் 4 உலைகள் நிறுத்தப்பட்டன.

முன்கூட்டியே அறிவது எளிதன்று. தமிழகக் கரையோர நீரோட்டம் பருவக்காற்றுக்கேற்பத் திசை மாறுகிறது. பல இனங்கள் பகலில் ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலெழுகின்றன. பல இனங்களின் இளம்பருவம் கடலடிப் பாறையில் ஒட்டி வளர்கிறது. வெப்பநிலை மாறும்போது குஞ்சுகளாகப் பிரிந்து மிதக்கிறது. வழக்கமான வலைகளில் அவற்றின் மென்னுடல் சிதைவதால் எண்ணிக்கையும் குறைத்தே பதிவாகிறது. எனவே மேற்பரப்பில் ஒரு நாள் எடுக்கும் கணக்கு போதாது. ஒரே இடத்தில், பல ஆழங்களில், இரவும் பகலும், எல்லாப் பருவங்களிலும் அளவிட வேண்டும்.

ரூ.4,077 கோடியிலான ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2021-இல் ஒப்புதல் அளித்தது. 6,000 மீட்டர் ஆழத்துக்கு மனிதரை அனுப்புவது அதன் இலக்குகளுள் ஒன்று. அதைப் பொறுப்பேற்றுள்ள புவி அறிவியல் அமைச்சகமே, மீன்வளமிக்க பகுதிகளை மீனவர்களுக்கு அறிவிக்கும் ஹைதராபாத் நிறுவனத்தையும், புணே நிறுவனத்தையும் நடத்துகிறது. கருவியும் ஆளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஆழ்கடலுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கு, மீனவர் வலையும் மின்நிலையக் குழாயும் எட்டும் கரையோரக் கடலுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.