வீடியோ கேம் செய்யும் தொழில்: நம் பிள்ளைகளை அனுப்பலாமா?





இந்த ஆண்டு கல்வி உதவி கேட்டு வந்த விண்ணப்பங்களில் ஒன்று எங்கள் குழுவை இரண்டு கூட்டங்கள் யோசிக்க வைத்தது. விண்ணப்பித்தவர் கம்மாபுரத்து மாணவர். அவருடைய அத்தா நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. பிள்ளை உதவி கேட்டது வீடியோ கேம் உருவாக்கக் கற்றுத்தரும் படிப்புக்கு.

"பிள்ளைகளைக் கெடுப்பதே இந்தச் செல்போன் விளையாட்டுதான். அதற்கு நம் பைத்துல்மாலிலிருந்து பணம் கொடுப்பதா?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். "அதுவும் கணினி வேலைதானே, வரையத் தெரிந்த பிள்ளைக்கு நல்ல பிழைப்பு" என்றார் இளைய உறுப்பினர். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனால் அந்தத் தொழிலைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுக்கலாம் என்று ஒத்திவைத்தோம். தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறோம். இதே கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் எழலாம்.

ஒரு கேமை ஒருவர் மட்டும் செய்வதில்லை. ஆட்டத்தின் விதிகளை வகுப்பவர், நிரல் எழுதுபவர், படம் வரைபவர், ஒலி அமைப்பவர், பிழை கண்டுபிடிப்பவர் எனப் பலர் சேர்ந்து செய்கிறார்கள். இந்த வேலைகள் எதிலும் தவறில்லை. அந்தக் கேம் எந்த வழியில் பணம் சம்பாதிக்கிறது என்பதில்தான் வேறுபாடு வருகிறது. சில கேம்களை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் போதும். சில இலவசம், இடையில் விளம்பரம் வரும், அல்லது உள்ளே பொருள் விற்பார்கள். இன்னும் சில, பணம் கட்டி ஆடச் சொல்பவை.

மூன்றாவது வகை நம் மாநிலத்தில் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்தன. தமிழக அரசு கொண்டுவந்த முதல் தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதியரசர் கே.சந்துரு தலைமையிலான குழு இதை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அதன்பின் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் அது சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று கூறி, அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது.

தடை முடியாததால் 2025 பிப்ரவரியில் கட்டுப்பாடுகள் வந்தன. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பணம் வைத்து ஆடக் கூடாது. ஆதார் மூலம் ஆளை உறுதி செய்ய வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாரும் உள்ளே நுழையக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை காட்ட வேண்டும். நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாடுகள் செல்லும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் விலக்கும் நாடாளுமன்றச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டுச் சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை அது தண்டனை சொல்கிறது. பணயம் இல்லாத விளையாட்டுகளையும் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளையும் அது தடுக்கவில்லை.

சூதாட்டம் பற்றி நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் மதுவோடு சேர்த்தே அதை விலக்கிவிட்டன. ஆனால் ஆடுபவரைக் கண்டிக்கும் நாம், ஆட்டத்தைச் செய்பவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. திண்ணையில் ஆடும் சீட்டைக் கலைப்பவரின் கையாவது கண்ணுக்குத் தெரியும். திரையில் சீட்டைக் கலைப்பது நிரல். உள்ளே என்ன நடக்கிறது என்பது ஆடுபவருக்குத் தெரியாது, எழுதியவருக்குத் தெரியும். தராசின் அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரிவது போலத்தான் இது. அளவில் மோசடி செய்வோரை எச்சரிக்க குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருப்பது நாம் அறிந்ததே. கேம் செய்பவரின் கையில் இருப்பதும் அமானிதம்தான்.

பணயம் இல்லாத கேம்களிலும் இந்த அமானிதம் மீறப்படுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல் பெட்டிகளை விலைக்கு விற்கும் முறை ஒன்று உண்டு. 'லூட் பாக்ஸ்' என்பார்கள். சில பிரபலமான கேம்களில் இருந்த இத்தகைய பெட்டிகள் தன் நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் முடிவு செய்தது. 'ஃபோர்ட்நைட்' கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், சிறுவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றிச் சேகரித்தது, தெரியாமல் கைபட்டாலே பணம் போகும்படி பட்டன்களை அமைத்தது என்ற குற்றச்சாட்டுகளுக்காக, 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு அமைப்புடன் 52 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும், இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டுத் தடை செய்தது. இந்தப் பட்டன்களை எல்லாம் சம்பளத்துக்கு அமர்ந்து வரைந்தவர் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

அந்தப் பிள்ளையிடம் நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெளியீட்டு நாள் நெருங்கும்போது வாரக்கணக்கில் இரவுபகலாக வேலை வாங்குவது இத்துறையில் பழகிப்போன வழக்கம். 2004இல் அமெரிக்காவில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவன ஊழியர் ஒருவரை மணக்கவிருந்த பெண், அவர் படும் பாட்டை இணையத்தில் எழுதினார். அதையொட்டிய காலத்தில் கூடுதல் நேர ஊதியம் கேட்டு நடந்த வழக்குகளை அந்நிறுவனம் சுமார் 3 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. வீட்டிலிருந்து எழுந்த ஒரு குரலுக்கும் அதில் பங்குண்டு.

இந்தத் தொழிலுக்குப் போகும் பிள்ளைகளும் பெற்றோரும் சேரும் முன் கேட்க வேண்டியவை:

1. இந்தக் கேமுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பணயம் உண்டா?

2. ஆடுபவர் எதற்குப் பணம் கட்டுகிறார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியுமா? சிறுவர்களைக் குறிவைக்கிறதா?

3. வேலை நேரம், கூடுதல் நேர ஊதியம், விலகும் விதி ஆகியவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளனவா? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா?

4. ஜும்ஆ தொழுகைக்கு நேரம் கிடைக்குமா? பெண் பிள்ளைகள் முறையிட உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா?

பிள்ளைகளுக்கும் கடமை உண்டு. பிறர் வரைந்ததைத் தன்னுடையது என்று காட்டி வேலை தேடக் கூடாது. நிறுவனத்தின் நிரலை வெளியே கொண்டுபோகக் கூடாது. இரண்டுமே திருட்டுதான்.

இரண்டாவது கூட்டத்துக்கு அந்த மாணவரையும் அவருடைய அத்தாவையும் அழைத்தோம். "ரம்மி கம்பெனி ஒன்று இரண்டு மடங்கு சம்பளம் தருகிறேன் என்றால் என்ன செய்வீர்கள், தம்பி?" என்று கேட்டோம். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்னு சொல்லணும்னுதான் ஆசை, பாய். வீட்ல கடன் இருக்கும்போது சொல்ல முடியுமான்னு தெரியலை" என்றார். அத்தா தலையைக் குனிந்துகொண்டார். வேறு பதிலை எதிர்பார்த்திருந்த எங்களுக்கு அந்த உண்மை சுருக்கென்று தைத்தது. ஹராம் என்று சொல்வது நமக்கு எளிது. விலகி வருபவரின் வீட்டில் அடுத்த மாதம் அடுப்பெரிவது யாருடைய பொறுப்பு என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

எனவே இரண்டு தீர்மானங்கள் எடுத்தோம். அந்த மாணவரின் முதல் ஆண்டுக் கட்டணத்தில் பாதியைப் பொது நன்கொடை நிதியிலிருந்து தருகிறோம். அடுத்து, நம் உதவியில் படித்த எந்தப் பிள்ளையாவது தவறான வேலை என்று அறிந்து விலகினால், வேறு வேலை கிடைக்கும்வரை, அதிகபட்சம் ஆறு மாதம், கர்ளன் ஹஸனாவாக வட்டியில்லாக் கடன் தருகிறோம். இதற்கெனத் தனி நிதி தொடங்கியுள்ளோம். இயன்றவர்கள் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஜும்ஆவுக்குப் பிறகு தரலாம்.

ஆன்லைன் ஆட்டத்தில் யாரேனும் பணத்தை ஏமாந்து இழந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்; எங்களிடமும் சொல்லுங்கள். எவருடைய பெயரும் வெளியே போகாது.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பை ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர், அறக்கட்டளைக் குழுவினர் சார்பாக