வலி மாத்திரைகள்: சில வினாக்களும் விடைகளும்

நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் நாம் கிராமங்களில் சுற்றுப்பயணம் செய்யுங்கால் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறோம். வேலை முடிந்து திரும்புவோர் கடை வாசலில் நின்று, "உடம்பு வலிக்கு இரண்டு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கொடுக்கிறார். மாத்திரையின் பெயரைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. நிலத்திற்கு இடும் உரத்தின் பெயரையும் அளவையும் கேட்டறியும் விவசாயி, தம் உடலுக்குள் செல்லும் மருந்தைப் பற்றிக் கேளாதிருப்பது பொருந்துமா? நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள் சிலவற்றுக்கு மருத்துவர்கள் கூறும் விடைகளை இங்கே தருகிறோம்.

வலி மாத்திரைகள் யாவும் ஒன்றுதானா?

அல்ல. பெரிதும் வழங்குபவை இரு வகை. பாராசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் தணிப்பது. அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை மற்றொரு வகை. இவை வீக்கத்தையும் தணிக்கும். ஆனால் இரைப்பையில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கக் கூடும். சிறுநீரகத்தையும் பாதிக்கக் கூடும். அட்டையில் சிவப்புக் கோடு இருப்பின், அம்மருந்து மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே பெறத்தக்கது என்று அறிதல் வேண்டும்.

பாராசிட்டமால் எவ்வளவு உட்கொள்ளலாம்?

500 மில்லிகிராம் மாத்திரையாயின், வயது வந்தோர் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு உட்கொள்ளலாம். அடுத்த வேளைக்கு 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 8 மாத்திரைகளுக்கு மேற்படலாகாது. 650 மில்லிகிராம் மாத்திரையாயின் வேளைக்கு ஒன்று. நாளொன்றுக்கு 6-க்கு மேல் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்து உண்டால் அளவு தெரியாமலே மிகுந்துவிடும். மது அருந்துவோரும், கல்லீரல் நோயுள்ளோரும், உடல் எடை குறைந்தோரும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவே உரியது. பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது தவறு.

வேலைக்குப் போகுமுன் தினமும் ஒரு மாத்திரை உண்டால் என்ன?

வெயிலில் வியர்வை சிந்தி உழைக்கும்பொழுது உடலில் நீர் குறைகிறது. அந்நிலையில் இரண்டாம் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும் அபாயம் அதிகம். இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய், வயிற்றுப் புண் உடையோரும், கர்ப்பிணிகளும் மருத்துவர் சொல்லின்றி இவற்றைத் தொடலாகாது. ஏனையோரும் வெறும் வயிற்றில் உண்பதையும், நாள்தோறும் உண்பதையும் தவிர்க்க வேண்டும்.

காய்ச்சலுடன் உடல்வலி கண்டால்?

டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் இரத்தப்போக்கை மிகுதிப்படுத்தும். ஆகையால் காய்ச்சலின் காரணம் தெரியும் வரை பாராசிட்டமால் ஒன்றே ஏற்றது. சேற்று வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் கடுமையான கெண்டைக்கால் வலியும் கண்டால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வலி மாத்திரை நோவை மறைக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. வலி மறைந்ததென்று வீட்டிலிருந்தால், தக்க மருந்து கிடைக்கும் காலம் கடந்துவிடும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைந்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமை.

எப்பொழுது காத்திருக்கலாகாது?

மார்பு வலியும் வியர்வையும் கண்டாலும், கை கால் திடீரெனச் சோர்ந்தாலும், இரத்த வாந்தி எடுத்தாலும், மலம் கருநிறமாகப் போனாலும், 108-ஐ அழைக்க வேண்டும். அளவுக்கு மீறி மாத்திரை உண்டவர், நலமாகத் தோன்றினாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கல்லீரல் கெடுவது ஓரிரு நாள் கழித்தே வெளித் தெரியும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து இதைப் பற்றிப் பேசச் செய்யுங்கள். பெயர் தெரியாத மாத்திரைகளைப் பொட்டலம் கட்டித் தரவேண்டாமென்று கடைக்காரர்களிடம் எடுத்துரையுங்கள். "இதன் பெயர் என்ன? எத்தனை மில்லிகிராம்?" என்று ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்கினால், கிராமத்தில் பல உயிர்கள் காக்கப்படும்.