நாடு திரும்பிய பள்ளி

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியைக் காணச் செல்வோரை முதலில் கவர்வது அதன் முகப்புச் சாலையே. நேராக நீளும் சாலையின் இருமருங்கும் இரு நீண்ட தடாகங்கள். எதிரே இரட்டைக் கோபுர மாளிகை. பெயர்தான் கல்லூரி, உண்மையில் இது இயேசு சபையார் நிறுவிய உறைவிடப் பள்ளி.

இவ்வெழில் எளிதில் வாய்த்ததன்று. முதலாம் எலிசபெத் காலத்தில் கத்தோலிக்கக் கல்விக்கு அங்கே சட்டத்தில் இடமில்லை. அதற்கெனப் பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்புவதும் குற்றம்! எனினும் பெற்றோர் துணிந்து அனுப்பினர். எனவே 1593-இல் இப்பள்ளி பிறந்தது ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால், செயின்ட் ஓமர் நகரில். 1762-இல் புரூஜ், 1773-இல் லீஜ் என ஊர் ஊராய் அலைந்தது. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை நெருங்கவே, அடைக்கலம் தந்தது எந்த நாடு தெரியுமா? அன்று தடைவிதித்த அதே இங்கிலாந்துதான்! 1791-ஆம் ஆண்டுச் சட்டம் தடையைத் தளர்த்தியிருந்தது. பழைய மாணவரான தாமஸ் வெல்ட் தம் மாளிகையையே வழங்கினார்.

ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் 1875 வரை இங்குதான் பயின்றார். பள்ளியின் கண்டிப்பு அவருக்குப் பிடிக்கவில்லையாம், நமக்கும் பிடித்திராது!

மாளிகையில் பழைய மேசை ஒன்றும் உண்டு. கத்தோலிக்கரின் கடும் பகைவரான குரோம்வெல், 1648-இல் பிரெஸ்டன் போருக்கு முந்திய இரவு அதன்மீதுதான் படுத்துறங்கினார் என்பர்.